‘ஸ்கியாகிராம்’ என்றால் நிழல்: எக்ஸ்ரேயின் பழைய சொற்களைப் பிடித்துக்கொண்டு ஓர் எளிய விளக்கம்

பழைய மருத்துவக் காகிதங்களை அடுக்கி வைக்கும்போது பெரியம்மாவின் எக்ஸ்ரே உறை ஒன்று கிடைத்தது. உள்ளே ஃபிலிமோடு சேர்த்து மடித்து வைத்த ஒரு ரிப்போர்ட். தலைப்பில் ‘ஸ்கியாகிராம், செஸ்ட், பி.ஏ. வியூ’ என்று தட்டச்சு செய்திருந்தது. அதன் கீழே ஒரே வரி: ‘வலது மேல் பகுதியில் சிறிய ஒப்பாசிட்டி.’ அக்கா அதைப் படித்துவிட்டுக் கலங்கிப் போனாள். “எக்ஸ்ரே எடுத்தது தெரியும், இந்த ஸ்கியாகிராம் எப்ப எடுத்தாங்க? ஏதாவது பெரிய டெஸ்ட்டா? நுரையீரல்ல நிழல்னு சொன்னாங்களே, படத்துல கறுப்பா இருக்கிற இடமெல்லாம் அதுவா?”

மூன்று கேள்விகளுமே நியாயமானவை. எக்ஸ்ரேயைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம், ஆனால் அது எப்படி உருவாகிறது என்பதை யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. எலும்பைப் பிடிக்கும் ஒரு விசேஷ கேமரா என்றுதான் பலர் மனதில் பதிந்திருக்கிறது. அந்த எண்ணம் தவறு. அதைத் திருத்த எனக்குத் தெரிந்த நல்ல வழி, இந்தத் துறையின் பழைய கலைச்சொற்களைத் தூசி தட்டி எடுத்துப் பார்ப்பது. அவற்றை வைத்தவர்கள் தங்கள் கண்ணுக்கு முன்னால் நடந்ததை அப்படியே பெயராக வைத்தார்கள். சொல்லைப் பிரித்தால் செயல்முறையே வெளியே வந்துவிடுகிறது.

ஒரே சொல், மூன்று பொருள்

“எக்ஸ்ரே எடுத்தாச்சா?” என்றால் எக்ஸ்ரே ஒரு பரிசோதனை. “எக்ஸ்ரேயைக் கொண்டு வாங்க” என்றால் கையில் பிடிக்கும் ஒரு ஃபிலிம். “எக்ஸ்ரே உடம்புக்குக் கெடுதலா?” என்றால் கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர். மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டதால் ஒன்றின் குணத்தை இன்னொன்றின் மேல் ஏற்றிவிடுகிறோம். எக்ஸ்ரே ஃபிலிமை வீட்டில் வைத்திருந்தால் கதிர் வருமா என்று கேட்பவர்கள் உண்டு. வராது. ஃபிலிம் என்பது கதிர் விட்டுப்போன தடம் மட்டும்தான்.

பழைய காலத்துக்காரர்கள் இவற்றைத் தனித்தனியே அழைத்தார்கள். கதிருக்கு ‘ராண்ட்ஜன் கதிர்’. படத்துக்கு ‘ஸ்கியாகிராம்’, அல்லது ‘ரேடியோகிராஃப்’, அல்லது ‘ராண்ட்ஜனோகிராம்’. படம் பிடிக்காமல் நேரடியாகப் பார்ப்பதற்கு ‘ஃபுளோரோஸ்கோபி’.

முதல் பெயர் வந்த கதை பலருக்குத் தெரிந்ததுதான். ஜெர்மனியில் வூர்ட்ஸ்பூர்க் நகரத்தில் பேராசிரியராக இருந்த வில்ஹெல்ம் ராண்ட்ஜன், 1895 நவம்பர் 8 அன்று ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாயைக் கறுப்பு அட்டையால் மூடியிருந்தும், தள்ளி இருந்த ஒரு ரசாயனம் பூசிய திரை ஒளிர்ந்தது. ஏதோ ஒன்று அட்டையைக் கடந்து போகிறது. என்னவென்று தெரியாததால், கணக்கில் தெரியாத எண்ணுக்கு எக்ஸ் போடுவது போல ‘எக்ஸ் கதிர்’ என்று எழுதி வைத்தார். 1896 ஜனவரியில் அவர் அதைப் பற்றிப் பேசிய கூட்டத்தில், உடற்கூற்றியல் அறிஞர் கோலிக்கர், இதற்கு ராண்ட்ஜன் கதிர் என்றே பெயர் வைக்கலாம் என்று முன்மொழிந்தார். ஜெர்மன் மொழியில் இன்றும் அந்தப் பெயர்தான். கண்டுபிடித்தவர் மட்டும் எக்ஸ் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். தமிழில் ‘ஊடுகதிர்’ என்கிறோம். அது செய்யும் வேலையையே பெயராகச் சொல்வதால் எனக்கு இது மிகவும் பிடித்த சொல்.

ஸ்கியாகிராம்: நிழலால் எழுதியது

கிரேக்க மொழியில் ‘ஸ்கியா’ என்றால் நிழல். ‘கிராம்’, ‘கிராஃப்’ எல்லாம் எழுத்து, வரைவு. ஆக ஸ்கியாகிராம் என்பது நிழல் வரைவு. 1896-இல் லண்டனில் தொடங்கிய, இந்தத் துறைக்கான முதல் இதழின் பெயரிலேயே ‘ஸ்கியாகிராஃபி’ என்ற சொல் இருந்தது. அது ஒன்றும் தனி டெஸ்ட் இல்லை. அக்காவின் முதல் கேள்விக்குப் பதில் இதுதான்: ஸ்கியாகிராம், ரேடியோகிராஃப், எக்ஸ்ரே படம், மூன்றும் ஒன்றே.

தமிழில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கேமராவில் எடுக்கும் படத்தை நாம் ‘நிழற்படம்’ என்கிறோம். கேமரா படத்தில் நிழல் எதுவும் இல்லை. பொருள்மேல் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை லென்ஸ் குவித்துத் தருவது அது. உண்மையான நிழற்படம் எக்ஸ்ரேதான். அதில் லென்ஸ் கிடையாது. திரும்பி வரும் ஒளியும் கிடையாது. ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் சுவர், நடுவில் நம் உடம்பு. அவ்வளவுதான்.

இதை இன்று இரவே செய்து பார்க்கலாம். அறையை இருட்டாக்கி, கைப்பேசியின் டார்ச்சை ஓரிடத்தில் வைத்து, எதிரே உள்ள சுவருக்கு முன்னால் கையை நீட்டுங்கள். கை சுவரை ஒட்டி இருந்தால் நிழல் கையின் அளவிலேயே, விளிம்பு கூர்மையாக விழும். கையை டார்ச்சின் பக்கமாகக் கொண்டுவாருங்கள். நிழல் பூதாகரமாகும், விளிம்பு மங்கும். அப்புறம் கையைச் சாய்த்துப் பாருங்கள். ஐந்து விரல் மூன்றாகத் தெரியும், நீள விரல் குட்டையாகத் தெரியும்.

எக்ஸ்ரே எடுப்பவர் ஏன் “மார்பை ஒட்டி நில்லுங்க, தோளை முன்னால கொண்டு வாங்க” என்று இவ்வளவு வற்புறுத்துகிறார் என்பது இந்த ஒரு சோதனையில் விளங்கிவிடும். மார்பு எக்ஸ்ரேயில் ‘பி.ஏ. வியூ’ என்பது கதிர் முதுகு வழியாக நுழைந்து மார்பு வழியாக வெளியேறுவதைக் குறிக்கிறது. பி என்பது பின்புறத்தையும், ஏ என்பது முன்புறத்தையும் குறிக்கும் லத்தீன் வழிச் சொற்களின் முதலெழுத்து. இதயம் மார்பின் முன்பக்கமாக இருக்கிறது. மார்பு படப்பெட்டியை ஒட்டியிருந்தால் இதயம் ‘சுவருக்குப் பக்கத்தில்’ இருக்கிறது, நிழல் ஏறக்குறைய உண்மையான அளவில் விழுகிறது. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு முதுகுக்கு அடியில் படப்பெட்டியை வைத்து மேலிருந்து எடுப்பார்கள். அது ஏ.பி. வியூ. அதில் இதயம் ‘விளக்கின் பக்கம்’ வந்துவிடுவதால் நிழல் பெருத்துத் தெரியும். ஏ.பி. படத்தைப் பார்த்து இதயம் வீங்கிவிட்டது என்று வீட்டில் யாராவது முடிவு கட்டினால், எந்தப் பக்கமிருந்து எடுத்த படம் என்று முதலில் கேளுங்கள். மார்பு எக்ஸ்ரேக்குக் குழாயை ஏறக்குறைய ஆறு அடி தள்ளி வைப்பதற்கும் இதே காரணம்தான். விளக்கு தூரத்தில் இருந்தால் நிழல் அவ்வளவாகப் பெருக்காது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்தால்: எக்ஸ்ரே படம் ஒரு நிழல். எல்லா நிழலையும் போல, விளக்கு, பொருள், சுவர் மூன்றும் எங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்து அதன் அளவும் கூர்மையும் மாறும்.

கறுப்பா, வெள்ளையா? ‘ஒப்பாசிட்டி’ குழப்பம்

சுவரில் விழும் கை நிழலுக்கும் எக்ஸ்ரேக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. டார்ச் வெளிச்சத்தைக் கை முழுக்கத் தடுத்துவிடும். எக்ஸ் கதிரை உடம்பு முழுக்கத் தடுப்பதில்லை. கொஞ்சம் விழுங்குகிறது, மீதியை விட்டுவிடுகிறது. ஜன்னலில் மெல்லிய திரைத்துணியைத் தொங்கவிட்டால் வெளிச்சம் கொஞ்சம் குறையும். அதை இரண்டாக மடித்தால் இன்னும் குறையும், நாலாக மடித்தால் அறையே மங்கும். உடம்பும் அப்படித்தான். கதிர் போகும் வழியில் எத்தனை மடிப்பு, எவ்வளவு கனம் என்பதைப் பொறுத்து மறுபக்கம் வந்து சேரும் கதிரின் அளவு மாறுகிறது. இப்படிக் குறைவதைத் ‘தணிவு’ என்கிறார்கள்.

எலும்பு ஏன் அதிகம் விழுங்குகிறது? கெட்டியாக இருப்பது பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் அதிலுள்ள கால்சியம். ஒரு தனிமத்தின் அணுவுக்குள் எத்தனை புரோட்டான் இருக்கிறதோ அதுதான் அதன் அணு எண். தசையிலும் கொழுப்பிலும் பெரும்பாலும் ஹைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன். அவற்றின் அணு எண்கள் 1, 6, 8. கால்சியத்துக்கு 20. அணு எண் இரண்டு மடங்கானால், ஒரே எடையுள்ள பொருள் கதிரை விழுங்குவது ஏறக்குறைய எட்டு மடங்காகிறது. அதனால்தான் எலும்பு பளிச்சென்று தனித்துத் தெரிகிறது. அணு எண் 82 உள்ள ஈயத்தைத் தடுப்புக் கவசமாகப் போட்டுக்கொள்வதற்கும் அதுவே காரணம்.

சரி, இப்போது நிறத்துக்கு வருவோம். ஃபிலிமில் கதிர் பட்ட இடம் கறுக்கும். படாத இடம் தெளிவாக, வெளிச்சப் பெட்டியில் மாட்டினால் வெள்ளையாகத் தெரியும். எலும்பு கதிரைத் தடுத்ததால் அதன் நிழல் விழுந்த இடம் வெள்ளை. காற்று நிரம்பிய நுரையீரல் கதிரை விட்டுவிட்டதால் அந்த இடம் கறுப்பு. ஆக, எக்ஸ்ரே ஃபிலிமில் நிழல் என்பது வெள்ளை நிறத்தில் இருக்கும்! “நுரையீரலில் நிழல் தெரிகிறது” என்று மருத்துவர் சொன்னால், கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் திட்டு இருக்கிறது என்று பொருள். ‘ஒப்பாசிட்டி’ என்ற சொல்லும் அதையேதான் சொல்கிறது. கதிர் எளிதில் ஊடுருவாத இடம். கதிர் எளிதில் ஊடுருவும் இடத்துக்கு ‘லூசன்ட்’ என்று பெயர், அது கறுப்பாக இருக்கும். ஒப்பாசிட்டி என்பது நோயின் பெயர் கிடையாது. சளி, நீர், பழைய தழும்பு, கட்டி, எதுவாகவும் இருக்கலாம். நிழலைப் பார்த்து ஆள் யார் என்று சொல்ல முடியாதது போலத்தான் இதுவும். மற்ற அறிகுறிகளோடும் பழைய படங்களோடும் சேர்த்துப் பார்த்த பிறகே பெயர் சொல்ல முடியும்.

வெள்ளையாக இருப்பதை ஏன் நிழல் என்றார்கள்? ஆரம்பத்தில் அது உண்மையிலேயே இருட்டாகத்தான் இருந்தது. ஒளிரும் திரையில் நேரடியாகப் பார்த்தபோது, கதிர் பட்ட இடம் பளபளத்தது, எலும்பு இருந்த இடம் இருண்டது. தட்டில் எடுத்த படத்தையும் காகிதத்தில் அச்சிட்டுப் பார்ப்பது வழக்கம், அச்சில் நிறம் தலைகீழாகிவிடும். ராண்ட்ஜன் 1895 டிசம்பர் 22 அன்று தம் மனைவி ஆனா பெர்த்தாவின் கையை எடுத்த அந்தப் புகழ்பெற்ற படத்தைத் தேடிப் பாருங்கள். விரல் எலும்புகள் கருமையாக இருக்கும். மோதிர விரலில் ஒரு கரிய உருண்டை போல மோதிரம் தெரியும். பிற்பாடு ஃபிலிமை அச்சிடாமல் அப்படியே வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். நிறம் மாறிவிட்டது, சொல் மாறவில்லை.

‘கடினக் கதிர்’, ‘மென் கதிர்’

இந்த இரண்டு சொற்களும்தான் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுபவை என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

எக்ஸ் கதிர் எப்படிப் பிறக்கிறது? குழாயின் ஒரு முனையான கேத்தோடிலிருந்து புறப்படும் ஒன்றைப் பழைய நூல்கள் ‘கேத்தோடு கதிர்’ என்றன. அது எலக்ட்ரான் என்னும் மின்துகள்களின் ஓட்டம் என்று ஜே. ஜே. தாம்சன் 1897-இல் காட்டினார். வேகமாக வரும் எலக்ட்ரான்கள் எதிரே உள்ள உலோகத்தில் மோதி சட்டென்று நிற்கும்போது அவற்றின் ஆற்றலில் ஒரு சிறு பங்கு எக்ஸ் கதிராக வெளிப்படுகிறது. ஒரு சதவீதம்கூடத் தேறாது. மீதியெல்லாம் வெப்பம்.

ஆரம்பகாலக் குழாய்களுக்குள் துளியளவு வாயு இருந்தது. இவற்றில் ‘குரூக்ஸ் குழாய்’ என்ற பெயரைப் பழைய நூல்களில் அடிக்கடி பார்க்கலாம். குழாய் வேலை செய்யச் செய்ய அந்த வாயு கண்ணாடியிலும் உலோகத்திலும் ஒட்டிக்கொண்டு குறையும். வாயு குறைந்தால் மின்சாரம் பாய அதிக வோல்ட் தேவைப்படும். வோல்ட் கூடினால் எலக்ட்ரான் வேகமாக மோதும், பிறக்கும் கதிர் ஆழமாக ஊடுருவும். “குழாய் கடினமாகிவிட்டது” என்பார்கள். வாயு நிறைய இருக்கும் குழாய் ‘மென்மையான’ குழாய். அதன் கதிர் அதிக தூரம் ஊடுருவாது. கடினமாகிவிட்ட குழாயைச் சூடாக்கி, ஒட்டியிருந்த வாயுவைக் கொஞ்சம் விடுவித்து மறுபடி மென்மையாக்குவார்கள்.

குழாய் அன்றைக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொண்டார்கள்? தங்கள் கையையே நீட்டினார்கள். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு நோயாளிக்கு முன்னாலும், குழாய்க்கும் ஒளிர்திரைக்கும் நடுவே சொந்தக் கையை வைத்து எலும்பின் நிழல் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்று பார்ப்பார்கள். நாளடைவில் தோல் வெடித்தது, நகம் உதிர்ந்தது, புண் ஆறாமல் புற்றுநோயானது. எடிசனின் ஆய்வுக்கூடத்தில் எக்ஸ் கதிர் வேலையைச் செய்த கிளாரன்ஸ் டாலி இப்படியே கைகளை இழந்து 1904-இல் இறந்தார். அவருக்கு நேர்ந்த பாதிப்பைக் கண்டு எடிசன் அந்த ஆராய்ச்சியை விட்டுவிட்டார். பழைய நூலில் ‘குழாயின் கடினத்தைச் சோதித்தல்’ என்ற சாதாரணத் தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைகள்தான் நினைவுக்கு வருகின்றன.

1913-இல் வில்லியம் கூலிட்ஜ் இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டினார். ஏறக்குறைய முழு வெற்றிடமான குழாய், அதற்குள் மின்விளக்கில் இருப்பது போலச் சூடாகும் டங்ஸ்டன் இழை. எலக்ட்ரானைத் தருவது இப்போது வாயு இல்லை, சூடான இழை. அதனால் எத்தனை எலக்ட்ரான் என்பதையும், எவ்வளவு வேகம் என்பதையும் தனித்தனியே திருப்பி வைக்க முடிந்தது. இன்று எக்ஸ்ரே அறையில் ‘கே.வி.’, ‘எம்.ஏ.எஸ்.’ என்று சொல்லும் இரண்டு அளவுகள் இவைதான். மாங்காய்க்குக் கல்லெறிவதை நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு வேகமாக எறிகிறோம் என்பது கே.வி. எத்தனை கல் எறிகிறோம் என்பது எம்.ஏ.எஸ். வேகம் போதாவிட்டால் நூறு கல் எறிந்தாலும் உயரக் கிளையைத் தொடாது.

இங்கேதான் அந்தத் தவறான புரிதல் வருகிறது. ‘கடினக் கதிர்’ ஆபத்தானது, ‘மென் கதிர்’ பாதுகாப்பானது என்று காதுக்குத் தோன்றுகிறது. ஆனால் மிக மென்மையான கதிர் தோலையும் அதை ஒட்டிய சதையையும் தாண்டாமல் அங்கேயே விழுங்கப்படுகிறது. படம் உருவாக அது எந்த உதவியும் செய்வதில்லை, உடம்புக்குக் கதிர்வீச்சை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறது. அதனால்தான் குழாயின் வாயிலில் ஒரு மெல்லிய அலுமினியத் தகட்டைப் பொருத்தி மென் கதிர்களை முன்கூட்டியே வடிகட்டுகிறார்கள். மாவு சலிப்பது போல, இதற்குப் பெயரே ‘ஃபில்ட்டர்’.

சுருக்கமாக: கடினம், மென்மை என்பவை ஊடுருவும் ஆழத்தைச் சொல்லும் சொற்கள். தீமையின் அளவைச் சொல்பவை அல்ல.

தட்டு, திரை, ‘பக்கி’

பல நாடுகளின் மருத்துவமனைகளில் இன்றும் வயிற்று எக்ஸ்ரேயை ‘ஃபிளாட் பிளேட்’ என்று சொல்லும் மூத்தவர்கள் உண்டு. ‘பிளேட்’ என்பது கண்ணாடித் தட்டு. முதலில் ரசாயனம் பூசிய கண்ணாடியில்தான் படம் பிடித்தார்கள். கண்ணாடி போய் செல்லுலோஸ் நைட்ரேட் ஃபிலிம் வந்தது. அது எளிதில் தீப்பற்றக்கூடியது. 1929 மே 15 அன்று அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் சேமித்து வைத்திருந்த எக்ஸ்ரே ஃபிலிம்கள் பற்றி எரிந்ததில் 123 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோரைக் கொன்றது நெருப்பு இல்லை, அதிலிருந்து கிளம்பிய நச்சு வாயு. எளிதில் தீப்பற்றாத ஃபிலிமுக்கு ‘சேஃப்டி ஃபிலிம்’ என்று பெயர் வந்ததன் பின்னணி இப்படிப்பட்ட விபத்துகள்தான்.

ஃபிலிமை இருட்டறையில் ரசாயனத்தில் கழுவி, தொங்கவிட்டுக் காயவைப்பார்கள். அவசரமென்றால் காயும்வரை பொறுக்க முடியாது. தண்ணீர் சொட்டச் சொட்டத் தூக்கிப் பிடித்துப் பார்த்து முடிவைச் சொல்வார்கள். ‘வெட் ரீடிங்’ என்ற சொல் அப்படி வந்தது. கணினியில் படம் வரும் இந்தக் காலத்திலும் அவசரமாகக் கேட்கும் வாய்மொழி முடிவுக்கு அந்தப் பெயரைச் சொல்கிறார்கள்.

‘ஸ்கிரீன்’ என்ற சொல்லில் கவனம் தேவை. இந்தத் துறையில் அதற்கு இரண்டு பழைய பொருள் உண்டு. ஒன்று, ஃபிலிமை வைக்கும் தட்டையான பெட்டியான கேசட்டுக்குள் இருக்கும் ‘இன்டென்சிஃபையிங் ஸ்கிரீன்’. எக்ஸ் கதிர் பட்டால் ஒளிரும் அட்டை அது. ஃபிலிம் கதிரைவிட ஒளிக்கு நன்றாக மசியும் என்பதால், கதிரை ஒளியாக மாற்றிக் கொடுத்தால் மிகக் குறைந்த கதிரே போதும். இன்னொன்று, நேரடியாகப் பார்க்கும் ஒளிர்திரை. அதில் பார்ப்பதை ‘ஸ்கிரீனிங்’ என்றார்கள். பழைய கேஸ் ஷீட்டில் ‘ஸ்கிரீனிங் செய்யப்பட்டது’ என்றிருந்தால், திரையில் உறுப்பின் அசைவைப் பார்த்தார்கள் என்று பொருள். நோய் இல்லாதவர்களிடமும் நோயைத் தேடிப் பார்க்கும் இன்றைய ‘ஸ்கிரீனிங்’ வேறு. அந்தத் திரையின் வெளிச்சம் மிக மங்கலானது. கண் இருட்டுக்குப் பழக வேண்டும் என்பதற்காக மருத்துவர்கள் வேலைக்கு முன்னால் அரைமணி நேரம்போலச் சிவப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

குடல் போன்ற மென்மையான உறுப்புகளுக்கு நிழல் சரியாக விழாது. சுற்றியிருப்பதும் அதே அளவு கதிரை விழுங்குவதால் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். எனவே நன்றாக நிழல் விழும் பொருளைக் குடிக்கக் கொடுத்தார்கள். முதலில் பிஸ்மத் உப்பைக் கஞ்சியில் கலந்து கொடுத்தார்கள், பிற்பாடு பேரியம் சல்ஃபேட். ‘பேரியம் மீல்’ என்பதில் உணவைக் குறிக்கும் ‘மீல்’ வந்த வழி அந்தக் கஞ்சிதான். பேரியத்தின் அணு எண் 56, எலும்பின் கால்சியத்தைவிட எவ்வளவோ மேலே. இப்படிக் குடிக்கவோ ஊசி வழியாகவோ கொடுக்கும் பொருளை இன்று ‘கான்ட்ராஸ்ட்’ என்கிறார்கள்.

அப்புறம் ‘பக்கி’. “இவரை பக்கியில் நிற்க வை” என்று எக்ஸ்ரே அறையில் சொல்வதைக் கேட்டிருக்கலாம். அது குஸ்டாவ் பக்கி என்ற ஜெர்மானிய மருத்துவரின் பெயர். உடம்புக்குள் போகும் கதிரில் ஒரு பகுதி அணுக்களில் பட்டு திசை மாறிச் சிதறும். மூடுபனியில் வண்டியின் விளக்கு வெளிச்சம் நாலாபக்கமும் பரவிப் பாதையை மறைப்பது போல, சிதறிய கதிர் படம் முழுக்கப் பரவி நிழலை மங்கச் செய்துவிடும். 1913-இல் பக்கி மெல்லிய ஈயப் பட்டைகளை நிற்க வைத்து ஒரு கம்பிவலை போல அமைத்தார். நேராக வரும் கதிர் இடுக்கு வழியே போகும், சாய்வாக வரும் சிதறல் ஈயத்தில் மாட்டிக்கொள்ளும். ஆனால் பட்டைகளின் கோடுகளும் படத்தில் விழுந்தன. ஹாலிஸ் பாட்டர் என்ற அமெரிக்கர், படமெடுக்கும் நேரத்தில் வலையை நகர்த்திக்கொண்டே இருந்தால் கோடு தெரியாது என்று காட்டினார். சுழலும் மின்விசிறியின் இறக்கைகள் கண்ணுக்குத் தெரியாமல் போவது போல. அந்த வலையைத் தாங்கும் பலகைக்கே இன்று பக்கி என்ற பெயர் நிலைத்துவிட்டது.

ஒரே வெட்டுக்கு நாலு பெயர்

நிழலுக்கு ஒரு பெரிய குறை உண்டு. முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துவிடும். விலா எலும்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சிறு திட்டு தெரியாமல் போகலாம். 1920களிலும் 30களிலும் வெவ்வேறு நாட்டில் வெவ்வேறு பேர் இதற்கு ஒரே தீர்வைக் கண்டார்கள், ஆளுக்கொரு பெயரும் வைத்தார்கள்: ஸ்ட்ராட்டிகிராஃபி, பிளானிகிராஃபி, லாமினாகிராஃபி, டோமோகிராஃபி. அடுக்கு, தளம், தகடு, வெட்டு என்று அர்த்தம் கொஞ்சம் மாறினாலும் வழி ஒன்றுதான். படமெடுக்கும் நேரத்தில் குழாயை ஒரு பக்கமும் ஃபிலிமை எதிர்ப்பக்கமும் நகர்த்துவார்கள். நகர்வின் மையத்தில் உள்ள ஒரு தளத்தின் நிழல் மட்டும் ஃபிலிமில் அதே இடத்தில் விழுந்து கூர்மையாக நிற்கும். அதற்கு மேலும் கீழும் இருப்பவை இழுபட்டு மங்கிவிடும். ஓடும் ரயிலிலிருந்து பக்கத்துக் கம்பிவேலியையும் தூரத்து மலையையும் பார்த்தால், வேலி கலங்கி மலை நிலைத்துத் தெரிவது போல.

இந்தப் பெயர்களில் நிலைத்தது டோமோகிராஃபி. சி.டி. ஸ்கேனில் உள்ள டி அதுதான். 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தது. பல கோணங்களிலிருந்து கதிர் எவ்வளவு தணிந்தது என்று அளந்து, அந்த எண்களிலிருந்து கணினி உள்ளிருப்பதைக் கணக்கிட்டுப் படமாக்கும் முறை அது. பழைய ரிப்போர்ட்டில் ‘கேட் ஸ்கேன்’ என்றிருக்கும். நடுவிலிருந்த ஏ, உடம்பின் அச்சுக்குக் குறுக்கான வெட்டைக் குறித்தது. எந்தத் திசையிலும் வெட்டிக் காட்ட முடிந்த பிறகு அந்த எழுத்து உதிர்ந்தது. கேட் ஸ்கேனும் சி.டி. ஸ்கேனும் வேறு வேறு இல்லை. எம்.ஆர்.ஐ.யும் அல்ட்ராசவுண்டும்தான் வேறு. அவற்றில் எக்ஸ் கதிரே கிடையாது.

ராண்ட்ஜன், ராட், ரெம்

அளவைப் பெயர்களையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். மழையை எடுத்துக்கொள்வோம். வானத்திலிருந்து எவ்வளவு பெய்தது, மண் எவ்வளவு உறிஞ்சியது, பயிருக்கு எவ்வளவு சேதம் என்பவை மூன்று தனிக் கேள்விகள். கதிர், காற்றை எவ்வளவு மின்னூட்டம் பெறச் செய்கிறது என்பதை அளப்பது ‘ராண்ட்ஜன்’, அதாவது பெய்த மழை. உடம்பு உறிஞ்சிய ஆற்றல் ‘ராட்’. கதிரின் வகைக்கேற்ற பாதிப்பையும் சேர்த்துக் கணக்கிடுவது ‘ரெம்’. இன்று ராட்டுக்குப் பதில் கிரே, ரெம்முக்குப் பதில் சீவர்ட். 100 ராட் ஒரு கிரே, 100 ரெம் ஒரு சீவர்ட். பழைய அலகில் ‘100’ என்று பார்த்துவிட்டுப் புதிய அலகோடு அப்படியே ஒப்பிட்டு மிரள வேண்டாம்.

எடுத்த பிறகு கதிர் உடம்பில் தங்குமா என்று கேட்பவர்களுக்கும் நிழல் கணக்கே பதில். டார்ச்சை அணைத்ததும் சுவரில் வெளிச்சம் மிச்சம் இருப்பதில்லை. குழாயை அணைத்ததும் எக்ஸ் கதிரும் அப்படித்தான். அது கடந்து போகும்போது திசுக்களில் ஏற்படுத்தும் மாற்றம் வேறு விஷயம். தேவையில்லாமல் எடுக்கக் கூடாது என்பது அதனால்தான்.

பெரியம்மாவின் ரிப்போர்ட்டை இப்போது மறுபடி படிக்கலாம். ‘ஸ்கியாகிராம், செஸ்ட், பி.ஏ. வியூ’: மார்பின் நிழல்படம், கதிர் முதுகு வழியாக நுழைந்தது, எனவே இதயத்தின் அளவை நம்பலாம். ‘வலது மேல் பகுதியில் சிறிய ஒப்பாசிட்டி’: கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் சின்ன வெள்ளைத் திட்டு. அக்கா ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இடது பக்க மூலையில் அந்தத் திட்டைக் கண்டுபிடித்தாள். “வலதுன்னு எழுதியிருக்கு, இது இடது பக்கம்ல இருக்கு?” என்றாள். எக்ஸ்ரே படத்தை நோயாளி நம்மைப் பார்த்து நிற்பது போல வைத்துப் பார்ப்பது மரபு. எதிரே நிற்பவரின் வலது கை நமக்கு இடது பக்கம் அல்லவா? ஃபிலிமின் ஓரத்தில் ஈயத்தால் செய்த எழுத்து ஒன்றின் நிழலும் வெள்ளையாக விழுந்திருந்தது, வலது பக்கத்தைக் குறிக்கும் ‘ஆர்’. அதைக் காட்டினேன். உறையின் அடியில் அதற்கு ஆறு வருடம் முந்தைய இன்னொரு ஃபிலிமும் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஜன்னலில் பிடித்தோம். அதே இடம், அதே அளவு, அதே வெள்ளைத் திட்டு. இரண்டையும் ஒரே உறையில் போட்டு, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மறக்காமல் எடுத்துப் போக வேண்டும் என்று உறையின் மேல் எழுதி வைத்தோம்.